மணிக்கு வழிவிட்டு நின்ற மருந்து

நீர் நிலைக்க. நெல் நிலைக்க. நோயுற்றோர்க்கு நாள் நிலைக்க.

மூன்று ஆறுகள் கடல் சேரும் தண்துறை நாட்டை ஆள்பவளும், ஆழிமுற்றத்து அரியணைக்கு உரியவளும், ஏடுகாப்புச் சாலையின் புரவலருமாகிய தண்முகை மாதேவி, மேகம் தங்கும் மஞ்சளார் மலைநாட்டின் மருத்துவத் தலைவியும், கண்ணோய் தீர்ப்பதில் கைராசிக்காரர் என்று இரு நாட்டாரும் ஒருவாயாய்ச் சொல்லும் பெருமாட்டியுமாகிய கொற்றங்கோதை அம்மையார் திருமுன்புக்கு எழுதி விடுத்த ஓலை.

தங்கள் மலையில் மழை தவறாதிருக்க. தங்கள் தோட்டத்து மூலிகை வாடாதிருக்க. தங்கள் வேந்தரும் அவர் குடியும் நலமுற்றிருக்க. எம் பட்டங்களுள் 'காற்றை முந்தும் ஓலைக்கு உடையாள்' என்று ஒன்று உண்டென்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதை இவ்வோலையில் எழுத வேண்டாமென்று எழுத்தரைத் தடுத்துவிட்டோம். எழுதினால் தாங்கள் சிரிப்பீர்கள்; சிரிக்காமல் விட்டால் அது எமக்கு இன்னும் கேவலம்.

இவ்வோலையின் படி ஒன்று எம் நாட்டின் ஒவ்வொரு படகுத்துறையிலும் உரக்கப் படிக்கப்பட இருப்பதால், தாங்கள் நன்கறிந்ததையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க. கற்றோர் தம் சுவடிகளை ஆழிமுற்றத்து ஏடுகாப்புச் சாலையில் வைப்பதும், எவ்வூரிலிருந்து எவர் கேட்டாலும் சாலை எழுத்தர் வேண்டிய ஏட்டைப் படியெடுத்து ஓட்டர் கையில் கொடுப்பதும், ஓட்டர் அதைக் கேட்டவர் வாசலிலேயே சேர்ப்பதும் எம் நாட்டு வழக்கம். வணிகர் விலையேட்டை வைத்தார்கள். சோதிடர் நாளேட்டை வைத்தார்கள். தாங்களோ, தாம் மலையை விட்டு இறங்க இயலாவிட்டாலும் தம் மருத்துவமாவது கடற்கரை வரை இறங்கட்டும் என்று, கண்மருத்துவச் சுவடியை எம்மை நம்பி வைத்தீர்கள். எம்மை நம்பி! இச்சொல்லை எழுதச் சொல்லும்போதே உடம்பு கூசுகிறது.

ஏடு கேட்டவர்க்கு ஏடு மிகத் தாமதமாய்ச் சேர்கிறது என்று தாங்கள் முதலில் முறையிட்டபோது, வழியில் பழுதில்லை என்று எம் குறைதீர் மண்டபம் விடை எழுதியது. மறுமுறை முறையிட்டபோது, வழியில் பழுதில்லை, தங்கள் ஏட்டில் கண்ணின் படங்கள் மிகுந்து ஏடு கனத்துப் போயிற்று, படங்களைக் குறைத்துக்கொள்க என்று எழுதியது. கண்மருத்துவ ஏட்டில் கண்ணின் படம் இல்லாமல் யானையின் படமா இருக்கும்? அதற்குப் பின்னும் தாங்கள் பொறுமையோடு சிப்பிக்கரை ஊரைப் பெயர் சொல்லி முறையிட்டீர்கள். வழியிலும் பழுதில்லை, ஏட்டிலும் பழுதில்லை, கேட்பவர் ஊர்வாசலில் பழுதிருக்கக்கூடும், அவர்களையே விசாரித்துக்கொள்க என்று அதற்கும் விடை வந்தது. இவ்விடைகள் எல்லாவற்றிலும் எம் முத்திரை இருந்தது. யாமே இட்டோம். படித்துப் பார்த்தா இட்டீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

குறைதீர் மண்டபத்து நாயகர் சேந்தங்கூத்தர் பொய் சொல்லத் தெரியாதவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். அவர் சொன்ன விடைகள் ஒவ்வொன்றும் மணியோட்டம் நடத்திப் பார்த்துச் சொன்னவை. கொடுமையே அதுதான்.

மணியோட்டம் என்னவென்று மலைநாட்டார்க்குத் தெரிந்திராது. ஓலை மந்தமாய் வருகிறதென்று எவரேனும் முறையிட்டால், மண்டபத்தார் அன்றே ஓர் ஓட்டனைத் தேர்ந்து, இடுப்பில் வெண்கல மணியும் தலையில் செந்துணியும் கட்டி, எழுத்தில்லாத வெற்றோலை ஒன்றைக் கையில் கொடுத்து, முறையீட்டுக்குரிய ஊருக்கு ஓடவிடுவார்கள். அவன் விரைந்து சென்று விரைந்து திரும்பினால் வழி நன்று, முறையீடு தவறு. வழியை அளக்கப் போகிறவனை வழியில் எவரேனும் தடுத்தால் அளவு பிசகிவிடுமல்லவா? ஆகவே மணியொலி கேட்டதும் வண்டிகள் ஒதுங்க வேண்டும், சுங்கவாயில் திறக்க வேண்டும், ஓடம் அவன் ஒருவனுக்காகவே புறப்பட வேண்டும் என்று சட்டம். முன்னோர் வகுத்த சட்டம்தான்; செந்துணி மட்டும் யாம் சேர்த்தது. அழகாயிருக்கும் என்று சேர்த்தோம். இதைப் படிக்கும் தாங்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். எமக்கோ, எம் அவையில் வேறெவருக்கோ, இதில் ஒரு பிழை இருப்பதாக ஒருநாளும் தோன்றவில்லை.

தாங்கள் கடைசியாக எழுதியது முறையீடு அன்று. சுவடியைத் திருப்பித் தருக என்று ஒரே வரி. அதை அவையில் படித்த அன்றுதான், வலக்கண்ணில் துணி கட்டிய ஒரு பெண் குறைகேட்கும் வேளையில் வந்து நின்றாள். சிப்பிக்கரையில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பெடுக்கும் காளவாய்களில் வேலை செய்பவள், பெயர் சடைச்சி. அவள் சொன்னதை அவைத்தமிழில் மாற்றி எழுதலாமா என்று எழுத்தர் கேட்டார். அவள் வாயில் வந்தபடியே எழுதும், மெருகு பூச வேண்டாம் என்றோம். ஆகவே அப்படியே வருகிறது.

"காளவாய்த் தூசி பட்டுக் கண்ணு செவந்துச்சு தாயி. மலையம்மா ஏடு கேட்டு ஆள் விட்டோம். இந்தா வருது, அந்தா வருதுன்னாங்க. வந்துச்சு. நல்ல மருந்துதான். போடத்தான் கண்ணு இல்ல."

அவள் தொடர்ந்து, இடக்கண்ணும் இப்போது சிவக்கத் தொடங்கியிருக்கிறது, ஏட்டிலுள்ள மருந்தைப் போட்டும் சிவப்பு இறங்கவில்லை என்றாள். ஒரு கண் கெட்டபின் மறுகண்ணில் வரும் சிவப்பு வேறு நோய், அதற்கு மருத்துவரே நேரில் பார்த்து மருந்து சொல்ல வேண்டும் என்று தங்கள் ஏட்டின் முடிவில் எழுதியிருப்பதை அரண்மனை மருத்துவர் எமக்குக் காட்டினார். தமக்கு அந்நோயில் பழக்கமில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

இவ்வளவு கேட்டும் யாம் என்ன செய்தோம் தெரியுமா? வழக்கப்படி மணியோட்டம் நடத்தச் சொன்னோம். மணியோட்டன் பொழுது சாயுமுன் சிப்பிக்கரைக்குப் போய்த் திரும்பிவிட்டான். சேந்தங்கூத்தர் முகம் மலர்ந்து, வழியில் பழுதில்லை என்பது மீண்டும் உறுதியாயிற்று என்று விண்ணப்பித்தார். யாமும் தலையாட்டினோம். சடைச்சி அந்த ஓட்டனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தத் தம்பி கையிலயே என் மருந்தைக் குடுத்து விட்டிருக்கலாமே?"

மணியோட்டன் சுமை எடுத்துச் சென்றால் வழியின் வேகத்தைச் சரியாக அளக்க இயலாது என்று சேந்தங்கூத்தர் மிக்க மரியாதையோடு விளக்கினார். "அப்பச் சரி" என்று சொல்லி அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எம்மை என்னவோ செய்தது. அரியணையில் உட்கார முடியவில்லை. எமக்கு விளங்காத ஏதோ ஒன்று அவளுக்கு விளங்கிவிட்டதோ என்று ஆத்திரமாகவும் இருந்தது, அச்சமாகவும் இருந்தது.

மறுநாள் சிப்பிக்கரை உப்பு வணிகர் ஒருவர் முறையீட்டின்பேரில் இன்னொரு மணியோட்டம் இருந்தது. அதை யாம் தடுக்கவில்லை. முரட்டுச் சேலை ஒன்றைச் சுற்றித் தலையை மூடிக்கொண்டு, சடைச்சியோடும் ஒரு தோழியோடும் மாட்டுவண்டியில் ஏறி, சிப்பிக்கரை வழியிலுள்ள முகத்துவாரத் துறைக்குப் போனோம். ஓடத்தில் மீன்கூடைக்காரிகள், உப்பு மூட்டைகள், ஏட்டுக்கட்டு சுமந்த எம் சாலை ஓட்டர் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, எமக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஓடக்காரன் கயிற்றை அவிழ்த்துவிட்டான். அப்போது மணி கேட்டது.

"எறங்கு, எறங்கு! எல்லாரும் எறங்குங்க! ராணி மணி வருது! ஏ தாயி, உனக்கென்ன வெத்தலை பாக்கு வெச்சுத் தனியா அழைக்கணுமா? எந்திரி!"

வெற்றிலை பாக்கு எமக்குத்தான் அம்மையீர். எழுந்தோம். எம் மணிக்கு எம் குடிகளோடு யாமும் வழிவிட்டு முழங்காற் சேற்றில் நின்றோம். செந்துணி தலையில் ஆட, வெற்றோலை கையில் ஆட, மணியோட்டன் ஒருவன் மட்டும் அத்தனை பெரிய ஓடத்தில் அக்கரை போனான். என்ன வேகம்! அவன் திரும்பும்வரை ஓடம் அக்கரையிலேயே காத்து நிற்க வேண்டும் என்பதும் எம் சட்டமே. அவன் திரும்பி இக்கரை சேர்ந்தபோது கடல் வற்றி, ஓடம் சேற்றில் தட்டிவிட்டது. அடுத்த கடலேற்றம் வரும்வரை எதுவும் போகாது. எம் சாலை ஓட்டர் ஏட்டுக்கட்டுகளைத் தலைக்கு வைத்து மணலில் படுத்தார்கள். அவர்கள் முகத்தில் சலிப்புக்கூட இல்லை. பழகிவிட்டிருந்தது.

இது தினமும் நடப்பதா என்று ஓடக்காரனைக் கேட்டோம்.

"முன்னெல்லாம் எப்பவாச்சும்தான். இப்ப ஊரெல்லாம் கொறை சொல்லுதாம், அதனால மணி ஓயாம வருது. நான் என்ன பண்ண? எறக்கிவிடலேன்னா ஓடத்தைப் புடுங்கிருவாங்க."

அந்த மணலில் நின்றபோதுதான் எமக்கு உறைத்தது. வழி மந்தமென்று ஒருவர் முறையிடுகிறார். அதைச் சோதிக்க மணி போகிறது. மணிக்காக மற்ற ஏடெல்லாம் நிற்கின்றன. நின்றதால் இன்னும் பலர் முறையிடுகிறார்கள். அவர்களுக்காக இன்னும் பல மணிகள் போகின்றன. எம் குறைதீர் மண்டபம் குறையைத் தீர்க்கவில்லை, உண்டாக்கிக்கொண்டிருந்தது. அதன் வாசலில் எம் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்து வைத்திருக்கிறோம்.

சடைச்சி மணலில் படுத்திருந்த ஓட்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் மருந்தும் இங்கதான் ஒக்காந்திருந்துச்சா?"

ஓடக்காரன் அவள் கண்கட்டைப் பார்த்துவிட்டு, தன் போக்கில் சொன்னான்.

"கண்ணு மருந்துன்னு ஒருத்தர் கத்திக்கிட்டு ஓடி வந்தாரு, பங்குனி மாசம் கடல் ஏறுன சமயத்துல. ஏத்திக்கப்பான்னு கையப் புடிச்சாரு. அந்த நேரம் பாத்து மணி. அது போயி வந்தா இன்னொரு மணி. மலையிலேர்ந்து ஒரு மருத்துவச்சியம்மா கொறை எழுதிப் போட்டாங்களாம், அதை அளக்கப் போறாங்களாம்."

அம்மையீர், இதைத் தங்களிடம் மறைத்துவிடலாமா என்று நெடுநேரம் எண்ணினோம். தங்கள் முறையீட்டுக்கு விடை தேடப் போன மணியே தங்கள் மருந்தைக் கரையில் இறக்கிவிட்டது. ஒரு பெண்ணின் கண் அதில் போயிற்று. இதைக் கேட்டுத் தாங்கள், ஐயோ, எழுதாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு கணமும் நினைக்கலாகாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். குறை கண்டால் சொல்வது தங்கள் உரிமை. சொன்னதை எப்படிக் கேட்பதென்று தெரியாமல் போனது எம் கேடு. மறைத்தால் அக்கேடு இன்னும் வளரும் என்பதாலேயே எழுதுகிறோம்.

யாம் யாரென்று அதற்குள் ஓடக்காரனுக்குத் தெரிந்துவிட்டது. தோழி வாய் தவறி மாதேவி என்றுவிட்டாள். அவன் மணலில் விழுந்து, தெரியாமல் ஏசிவிட்டேன் என்று அழுதான். அவனை எழுப்பி நிறுத்துவதற்குள் எமக்கு உயிர் போய்விட்டது. தவறே செய்யாதவன் எம் காலைப் பிடிக்க, கண்ணை இழந்தவள் பக்கத்தில் நின்று அவனைத் தேற்ற, யாம் சேறு காய்ந்த காலோடு விழித்துக்கொண்டு நின்றோம். அப்படி ஒரு வெட்கத்தை எம் பகைவர்க்கும் வேண்டோம்.

திரும்பி வந்து சேந்தங்கூத்தரிடம் கண்டதைச் சொன்னோம். தாமும் பலமுறை அத்துறைக்கு நேரிற் சென்று சோதித்ததாகவும், ஒவ்வொரு முறையும் ஓடம் தமக்காகக் காத்திருந்ததாகவும் கூறியவர், கூறி முடிக்குமுன்பே தாம் என்ன கூறுகிறோம் என்று உணர்ந்து, தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதவியைத் திருப்பித் தர வந்தார். வாங்கவில்லை. ஓடிப்போவதற்கு அவருக்கு மட்டும் என்ன தனி உரிமை? அவரைத் தண்டிக்குமாறு தாங்களும் எழுத வேண்டா, முத்திரை எம்முடையது.

அவையில் சிலர், இச்செய்தி வெளியே போனால் நாட்டுக்கு இழுக்கு, அம்மையார்க்கு மட்டும் பொன்னும் பட்டும் அனுப்பிச் சமாதானம் செய்துவிடலாம் என்று யோசனை கூறினார்கள். அவர்களுக்கு யாம் கூறிய விடையை ஓலையில் எழுத முடியாது என்று எழுத்தர் மன்றாடுகிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஆகவே எம் நாட்டார் யாவரும் அறிய ஆணையிடுவதாவது: மணியோட்டம் இன்றோடு ஒழிந்தது. மணிக்காக ஓடம் நிறுத்தும் சட்டமும் ஒழிந்தது. இனி ஓலை மந்தமென்று எவர் முறையிட்டாலும், குறைதீர் மண்டபத்தார் தாமே முறையிட்டவரின் ஏட்டுக்கு ஒத்த கனமுள்ள ஏட்டைச் சுமந்து, எவ்வடையாளமும் இன்றி, எல்லாரும் போகும் வழியில், எல்லாரும் ஏறும் ஓடத்தில், எல்லாரோடும் காத்திருந்து போய்ப் பார்க்க வேண்டும். முதல் ஓட்டம் சேந்தங்கூத்தருடையது, அடுத்தது எம்முடையது. குறை தீர்ந்தது என்று சொல்லும் உரிமை முறையிட்டவர்க்கே உண்டு, மண்டபத்துக்கு இல்லை. தெப்பத்திருநாளுக்காக மட்டும் அரண்மனைத் துறையில் கட்டிக் கிடக்கும் அன்னப்படகுகள் எல்லாம் முகத்துவாரத் துறைக்குப் போகட்டும். மீன்கூடையும் உப்பு மூட்டையும் ஏறட்டும். கறைபட்டால் பட்டுப் போகட்டும்.

தங்கள் சுவடியைத் திருப்பி அனுப்புகிறோம். படியெடுத்து வைத்துக்கொண்டு மூலத்தை மட்டும் அனுப்பலாம் என்று சாலையார் கேட்டார்கள். தங்கள் ஒப்புதல் இன்றி ஓர் எழுத்தும் கூடாதென்றோம். மீண்டும் வைப்பதும் வைக்காததும் தங்கள் விருப்பம். வையுங்கள் என்று கேட்கும் முகம் எமக்கு இல்லை.

எஞ்சியிருப்பது சடைச்சியின் இடக்கண். அதற்காகத் தாங்கள் மலையிறங்கி வர இயலாதே, ஓலையிலாவது மருந்து கேட்போமென்றால் அது போய், விடை வந்து, அதற்குள் என்னாகுமோ என்று கலங்கி, கடைசியாக ஒரேயொரு முறை மணி கட்டி ஆளனுப்பலாமா என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், யாமே கேட்டோம். சடைச்சிக்கு வந்ததே கோபம்.

"அதை என் கழுத்துல கட்டி விட்டுருங்க, நானும் மாடு மாதிரி ஓடுறேன். அந்த ஓடத்துல இன்னொருத்தி மருந்து இருந்தா அவளையும் எறக்கிவிடுவீங்களா? ஆளும் வேணாம், மணியும் வேணாம். நானே போறேன்."

ஆகவே அவளே வருகிறாள். ஆற்றில் எல்லாரும் ஏறும் ஓடத்தில், அதன்பின் மலையடிவாரம் வரை சந்தைவண்டியில், எம் தோழி ஒருத்தி துணையோடு, தங்கள் சுவடியையும் இவ்வோலையையும் தானே சுமந்து வருகிறாள். அவளுக்காக எவரையும் யாம் இறக்கிவிடச் சொல்லவில்லை. நேரத்தோடு சேர்ந்தாளா என்பது எம் வழியின் உண்மையான அளவு.

இவ்வோலையின் புறத்தே, முதலில் அவள் கண்ணைப் பாருங்கள், பிறகு இதைப் பிரியுங்கள் என்று எம் கையாலேயே எழுதி, அரச முத்திரையை இட்டிருக்கிறோம். அதன்படி தாங்கள் அக்கண்ணை இதற்குள் பார்த்திருப்பீர்கள். பிழைக்குமா, பிழைக்காதா என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். எமக்குத் தெரியாது. எதுவாயினும் தங்கள் கையால் எழுதி, எம் ஏடுகாப்புச் சாலையிலிருந்து வழக்கமாக வரும் ஓட்டனிடமே கொடுத்தனுப்புங்கள். அவன் வரும் நாளில் வரட்டும். தங்கள் விடை எங்கே நிற்கிறது, எவர் இறக்கிவிட்டார், எந்த மணலில் கிடக்கிறது என்று தெரியாமல், வாசலைப் பார்த்துக்கொண்டு யாம் காத்திருக்கிறோம்.